கந்தகம் எரிந்தால் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்குப் பிறகு செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புகையையும் கந்தக நெடியையும் பற்றியவையாக இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் கந்தக டை ஆக்சைடு என்னும் ஒரு வாயுவுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதியவரின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

தீபாவளி இரவில் எங்கள் தெருவே புகை மூட்டமாக இருந்தது. ஆஸ்துமா உள்ள என் மகனுக்கு அன்றிரவே இளைப்பு அதிகமாகிவிட்டது. மூக்கைத் துளைத்த அந்த நெடிதான் கந்தக டை ஆக்சைடா? இளைப்புக்கு அதுதான் காரணமா?
– வாசகி, காரைக்குடி

நீங்கள் உணர்ந்த நெடியில் பெரும்பங்கு அந்த வாயுவுடையதுதான். கந்தகம் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கந்தக டை ஆக்சைடாகிறது. அதற்கு நிறம் கிடையாது; நெடி மட்டும் கடுமையாக இருக்கும். தீக்குச்சியை உரசிய நொடியில் மூக்கில் ஏறுவதும் இதே வாயுதான். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது கருமருந்தின் பழைய கணக்கு. எரியும்போது அந்தக் கந்தகத்தில் ஒரு பகுதி வாயுவாக வெளியேற, மீதி பொட்டாசியத்துடன் சேர்ந்து நுண்ணிய உப்புத் துகளாகப் புகையிலேயே மிதக்கிறது.

இந்த வாயு நீரில் மிக எளிதாகக் கரையும். அமைதியாக மூக்கால் மூச்சு விடும்போது மூக்கினுள் இருக்கும் ஈரமே அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஓடியாடும் பிள்ளை வாயால் மூச்சு வாங்கும்போது அந்தத் தடுப்பு இல்லாமல் போகிறது. வாயு மூச்சுக்குழாய்வரை இறங்கி, அங்குள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. உடனே குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் தொண்டைக் கரிப்பாகத் தோன்றும் அளவே அவர்களுக்கு இளைப்பைக் கொண்டுவரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்த வாயுவுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் என்று வகுத்ததோடு நிற்காமல், 10 நிமிட வரம்பாக 500 மைக்ரோகிராம் என்பதையும் வைத்திருப்பது இதனால்தான். நம் நாட்டில் 2009 முதல் நடப்பில் இருக்கும் வரம்பு 24 மணி நேரத்துக்கு 80, ஆண்டுச் சராசரிக்கு 50 மைக்ரோகிராம். பத்து நிமிட வரம்பு நம்மிடம் இல்லை. இது ஒரு பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்; பட்டாசு வெடித்த சில மணி நேரத்து அளவை நாள் முழுவதற்கும் பரப்பிச் சராசரி எடுத்தால், உங்கள் மகன் மூச்சுக்குத் தவித்த அந்தப் பத்து நிமிடம் கணக்கிலேயே வராது.

ஆனாலும் பழி முழுவதையும் இந்த ஒரு வாயுவின் மேல் போட முடியாது. அன்றைய இரவில் வரம்பை மிகவும் தாண்டிப் போவது பெரும்பாலும் நுண்துகள்தான். கைப்பேசியில் காட்டும் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கில் கொண்டு, அவற்றில் மோசமானதன் எண்ணையே மொத்த எண்ணாகத் தருகிறது. ஆகவே எண்ணைப் பார்த்து நிறுத்திவிடாமல், எந்த மாசினால் அந்த எண் வந்தது என்பதையும் திறந்து பாருங்கள். அடுத்த தீபாவளிக்கு, வெடிச்சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் சன்னல்களைச் சாத்தி மகனை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்; மருத்துவர் சொன்ன உறிஞ்சு மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கைக்குட்டை இரண்டையும் தடுக்காது.

எங்கள் ஊரில் அரிசி ஆலைகள் அதிகம். கொதிகலன் புகையிலிருந்து கருஞ்சாம்பல் பறந்து கொடியில் காயும் துணிமேல் விழுகிறது. இந்தப் புகையில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு இருக்கும்?
– வாசகர், புதுவயல்

எரிபொருளில் எவ்வளவு கந்தகம் இருக்கிறதோ அதைப் பொறுத்தே புகையில் இந்த வாயு இருக்கும். கணக்கு எளிது: ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ கந்தக டை ஆக்சைடு கிடைக்கும். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலானவற்றில் கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்கை ஒட்டியே இருக்கும். அப்படிப்பட்ட நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ பத்து கிலோ வாயு வரும். அசாம், மேகாலய நிலக்கரியில் கந்தகம் அதைவிடப் பல மடங்கு அதிகம். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சும் பெட்ரோலியக் கரியில் இன்னும் அதிகம். டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் தொழிற்சாலைகள் அதை எரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தடை விதித்தது.

உமியில் கந்தகம் மிகமிகக் குறைவு. உங்கள் ஊர் ஆலைகள் உமியை மட்டும் எரித்தால், அந்தப் புகையில் நீங்கள் அஞ்ச வேண்டியது சாம்பலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும்தான். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது நுரையீரலுக்கு நல்லதன்று. மனுக் கொடுக்கும்போது ‘கந்தகப் புகை’ என்று எழுதினால், அதிகாரி வந்து வாயுவை அளந்து, வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். புகைபோக்கியில் சாம்பல் பிடிக்கும் சைக்ளோன் அல்லது பை வடிகட்டி வேலை செய்கிறதா, எரிபொருளில் உமியோடு வேறு கரி எதுவும் கலக்கப்படுகிறதா என்று கேட்டு எழுதுங்கள். சரியான மாசின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

பெட்டகத்தில் வைத்திருந்த வெள்ளிச் சாமான்கள் கறுத்துவிட்டன. காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு காரணமா?
– வாசகி, திருப்பத்தூர்

இல்லை. வெள்ளியைக் கறுப்பாக்குவது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வேறொரு கந்தக வாயு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. சாக்கடையிலிருந்தும் சேற்றிலிருந்தும் வரும். கம்பளி, ரப்பர் போன்றவற்றிலுள்ள கந்தகமும் வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்பதால் அவற்றில் சுற்றி வைக்காதீர்கள்.

எங்கள் பூர்வீக வீட்டின் வளவில், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சும், முகப்பில் இத்தாலியப் பளிங்கும் இருக்கின்றன. இப்போது சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொரிந்து உதிர்கிறது. தாஜ் மகாலைப் பாதித்த வாயு எங்கள் வீட்டையும் ஊர்க் கோயில்களையும் அரிக்கிறதா?
– வாசகர், கானாடுகாத்தான்

உங்கள் அச்சத்துக்கு வேதியியலில் இடம் உண்டு. பளிங்கும், பூசி ஆறிய சுண்ணாம்பும் வேதியியல் கணக்கில் ஒன்றுதான். இரண்டும் கால்சியம் கார்பனேட். கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அவற்றின்மேல் படியும்போது, மேல்தோல் ஜிப்சமாக மாறுகிறது. ஜிப்சம் பளிங்கைவிட எளிதில் நீரில் கரையும். மழை படும் இடத்தில் அது கழுவிக்கொண்டு போய்விட, வழவழப்பு போய்க் கல் சொரசொரப்பாகிறது. மழை படாத கொடுங்கைக்கு அடியில் அது கரித்துகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கறுத்த பொருக்காகக் கட்டிப் பிறகு பெயர்ந்து விழுகிறது. ஆக்ராவின் வார்ப்புத் தொழிற்சாலைகளும் மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தாஜ் மகாலுக்கு இப்படித்தான் ஆபத்தாகும் என்ற வழக்கில், 10,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாதுகாப்பு வட்டாரத்துத் தொழிற்சாலைகள் கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று தீர்ப்பளித்தது.

ஆனால் கானாடுகாத்தானுக்கு அருகில் அத்தகைய பெரிய கரி உலைகள் இல்லை. அதோடு, காற்றிலிருந்து வரும் அரிப்பு சுவரின் அடியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. அடிச்சுவர் பொரிவதற்குப் பெரும்பாலும் நிலத்தடி ஈரமே காரணம். ஈரம் சுவருக்குள் ஏறி, மேலே வந்து உலரும்போது, தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்கு உள்ளேயே விட்டுவிடுகிறது. அந்த உப்பு படிகமாகி விரியும்போது பூச்சு வெடித்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் சிமென்டை அப்பிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். தலைமுறை தலைமுறையாக நின்ற சுவரைச் சிமென்டு பூச்சுச் சில ஆண்டுகளில் கெடுப்பதை நம் ஊர்களில் பல வீடுகளில் பார்க்கலாம். இதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். மழைநீர் அடிச்சுவரில் தேங்காமல் வெளியேறுகிறதா என்று பாருங்கள். கல்யாணம், படைப்பு என்று ஜெனரேட்டர் வைக்கும்போது அதன் புகைக்குழாய் பளிங்கையோ சுவரையோ பார்த்திருக்காதபடி திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

கோயில்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கருங்கல் இந்த அமிலத்துக்குச் சுண்ணாம்பைப்போல் இடம் கொடுக்காது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் இடம் கொடுக்கும். இரும்பின் கதை இன்னும் மோசம். ஈரக்காற்றில் கந்தக டை ஆக்சைடு சிறிதளவு கலந்தாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் பெருமளவு கூடுகிறது என்று வெர்னான் என்பவர் இங்கிலாந்தில் 1930களில் சோதித்துக் காட்டினார். அந்தத் துரு ஆராய்ச்சியை நம் நாட்டில் முன்னின்று செய்துவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. உங்கள் வீட்டு இரும்புத் தூண்களும் கிராதிகளும் துருப்பிடித்தால் காற்றைக் குறை சொல்வதற்கு முன், வண்ணம் பூசி எத்தனை ஆண்டுகளாயின என்று பாருங்கள்.

கறிக்குப் போடும் கல்பாசி காற்றிலுள்ள மாசையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று என் பேத்தி கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொல்கிறாள். அப்படியானால் நாம் மசாலாவில் கந்தகத்தைப் போட்டு அரைக்கிறோமா?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் பேத்தி சொன்னதில் உண்மை இருக்கிறது; நீங்கள் அஞ்சியதற்கு மட்டும் இடமில்லை. இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கந்தக டை ஆக்சைடைக் காட்டிக்கொடுக்கும் உயிர்களில் முதன்மையானது நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

கல்பாசி ஒரே உயிர் அன்று. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். தாவரவியலில் இதை லைக்கன் என்பார்கள். பூஞ்சை உடம்பைக் கட்டிக் கொடுக்கிறது, பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. இதற்கு வேர் கிடையாது; இலைக்கு இருப்பதுபோல் மெழுகுத்தோலும் கிடையாது. மழை, பனி, காற்று ஆகியவற்றிலிருந்தே தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சுவதால், காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் தடுக்க வழியின்றி உறிஞ்சிக்கொள்கிறது. கந்தக டை ஆக்சைடு உள்ளே புகுந்ததும் பாசியின் பச்சையம் சிதைந்து போகிறது. உணவு சமைக்கும் பங்காளி செத்தால் பூஞ்சையும் சாகும். பாரிசின் லக்சம்பர்க் பூங்காவில் வளரும் லைக்கன்கள் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லாமல் போனதை நைலாண்டர் என்ற ஃபின்லாந்துத் தாவரவியலார் 1866இல் எழுதினார். காற்றின் தூய்மைக்கு இவை அளவுகோல் என்று சுட்டியவர் அவர். 1970இல் இங்கிலாந்தில், மரப்பட்டையில் எந்தெந்த லைக்கன் இருக்கிறது என்று பார்த்தே காற்றில் இந்த வாயுவின் அளவைச் சொல்லும் பத்துப் படி அட்டவணை ஒன்றை வகுத்தார்கள். கரிப்புகை குறைந்த பிறகு, பல காலம் காணாமல் போயிருந்த லைக்கன்கள் லண்டனுக்குத் திரும்பி வந்தன.

ஆகவே, கந்தக டை ஆக்சைடு மிகுந்த இடத்தில் இந்த வகைக் கல்பாசி பெருத்து வளராது. உங்கள் கடைக்கு வரும் கல்பாசி மலைக்காட்டு மரங்களிலும் பாறைகளிலும் நன்றாகச் செழித்து வளர்ந்தது என்றால், அந்த மலைக்காற்றில் இந்த வாயு குறைவு என்பதற்கு அதுவே சான்று. வாயு வாயுவாகவே அதில் தங்கியிருந்து உங்கள் குழம்பில் இறங்குவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஈயம் போன்ற உலோகத் தூசியை லைக்கன் பல ஆண்டுகள் சேர்த்துவைக்கும் என்பதால், சாலையோர மரங்களில் சுரண்டியது கலந்த சரக்கு நல்லதன்று. கடைக்காரரிடம் எந்த மலைச் சரக்கு என்று கேட்டு வாங்குங்கள். நாம் போடுவது மிகச் சிறிய அளவு என்பதால் கலங்க வேண்டியதில்லை.

பேத்திக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஊருக்கு வெளியே உள்ள பழைய மாமரம், புளியமரம் ஆகியவற்றின் பட்டையில் சாம்பல் கலந்த பச்சைத் திட்டுகள் இருக்கின்றனவா, பேருந்து நிலையத்தருகே உள்ள அதே வகை மரங்களில் அவை எப்படி இருக்கின்றன என்று படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து வெயிலும் வறட்சியுமே லைக்கனைக் குறைத்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வெயில் படும் மரங்களையே ஒப்பிட வேண்டும்.

நான் கல்லூரி மாணவன். சிவகங்கை மாவட்டத்தில் அனல் மின்நிலையமே இல்லை. பிறகு நாம் ஏன் கந்தக டை ஆக்சைடைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

தம்பி, உன் கேள்விதான் இந்த இதழின் மையம் என்று நினைக்கிறேன்; கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையாமல் நின்றது. குளிருக்காக வீடுகளில் எரித்த கரியின் புகையும் கந்தக டை ஆக்சைடும் மூடுபனியோடு கலந்து தரையிலேயே தங்கிவிட்டன. அப்போது ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள்; பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன்பின் மேலைநாடுகளில் மின்நிலையங்களுக்கு மிக உயரமான புகைபோக்கிகள் கட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்களின் காற்று தெளிந்தது. ஆனால் எரிந்த கந்தகம் காணாமல் போகவில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் எரித்தது ஸ்வீடன், நார்வே ஏரிகளில் அமிலமாக இறங்கி மீன்களைக் கொன்றது. அந்த நாடுகள் முறையிட்ட பிறகே, எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி 1979இல் ஜெனிவாவில் உடன்படிக்கை ஏற்பட்டு, 1985இல் கந்தக வெளியேற்றத்தை 30 விழுக்காடு குறைக்க ஒப்புக்கொண்டார்கள்.

இந்த வாயு காற்றில் சராசரியாக ஓரிரு நாள் தங்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்றுகூட ஒரு நாளில் 360 கிலோமீட்டர் போய்விடும். அனல் மின்நிலையங்கள் உள்ள நெய்வேலியும் தூத்துக்குடியும் காரைக்குடியிலிருந்து நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. போகும் வழியில் வாயு சல்பேட்டாக மாறி, காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து, நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்துகளாகிறது. அதற்கு நெடி கிடையாது. கந்தக டை ஆக்சைடை அளக்கும் கருவியும் அதைக் காட்டாது. அப்போது அது நுண்துகள் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஒரு மாவட்டத்தில் மின்நிலையம் இல்லை என்பதால் அந்த மாவட்டத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது என்பது இதனால்தான். நம் வீட்டு மின்விளக்கும் அங்கிருந்து வரும் மின்சாரத்தில்தான் எரிகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதைத் தடுக்கும் வழி பழையது, தெளிவானது. புகைபோக்கிக்குப் போகும் வழியில் புகைமேல் சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளித்தால் கந்தக டை ஆக்சைடில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிடிபட்டு ஜிப்சமாகிவிடும். உங்கள் பக்கத்துப் பளிங்குச் சுவரில் நடந்தால் அழிவாக இருக்கும் அதே வேதிவினை, ஆலைக்குள் நடந்தால் பாதுகாப்பாகிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் அனல் மின்நிலையங்களுக்கு இந்த வாயுவுக்கான வரம்பை அறிவித்து, இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, டெல்லி வட்டாரத்துக்கும் பெருநகரங்களுக்கும் மிக அருகில் உள்ள நிலையங்களுக்கு 2027 டிசம்பர் வரை கெடு கொடுத்து, நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு, புகைபோக்கி உயரம் போதுமானதாக இருந்தால் இந்தக் கட்டாயமே இல்லை என்று விலக்கு அளித்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, ஊர்களின் காற்றில் அளந்த கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள் இருக்கிறது, சுண்ணாம்புக்கல் வெட்டவும் கருவியை ஓட்டவும் கூடுதல் செலவும் கரியமில வாயுவும் ஆகும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்குதான் என்பது உண்மை. ஆனால் எரிக்கும் கரியின் அளவு மிகப் பெரிது என்பதால், உலகிலேயே இந்த வாயுவை மிக அதிகமாக வெளியிடும் நாடாக நாம் இருக்கிறோம். ஊர்க் காற்றில் வாயு குறைவாக இருப்பதைக் காட்டி விலக்கு அளிப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. 275 மீட்டர் உயரத்தில் விட்ட வாயு அருகிலுள்ள கருவிக்குத் தப்பி, சல்பேட் துகளாகத் தொலைவிலுள்ள ஊரில் இறங்குகிறது. அதை அளக்காமல் விட்டுவிட்டு, அளந்த பகுதி வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்வதில் நியாயம் இல்லை. உயரமான புகைபோக்கியை மட்டும் நம்பியதன் விலையை ஸ்வீடன் ஏரிகள் கொடுத்துக் காட்டிய பிறகும் நாம் அதே வழியில் போக வேண்டியதில்லை.

அமில மழை பெய்தால் எங்கள் கண்மாயும் கடலை வயலும் கெடுமா?
– விவசாயி, கல்லல்

தூய காற்றில் பெய்யும் மழையே கரியமில வாயுவால் இலேசான அமிலமாக, 5.6 என்ற பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) அளவில்தான் இருக்கும். அதற்குக் கீழே போனால்தான் அமில மழை. நம் நாட்டின் பல பகுதிகளில் மண்தூசியிலுள்ள கால்சியம் மழையின் அமிலத்தை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. இந்திய வானிலைத் துறை இதைக் கண்காணிக்கும் நிலையங்களில் கொடைக்கானலும் ஒன்று. உங்கள் செம்மண் வயல் ஏற்கெனவே அமிலத்தன்மை உள்ளதாக இருக்கலாம். மழையைச் சந்தேகிப்பதற்கு முன் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடலைக்குக் கந்தகமும் கால்சியமும் வேண்டும் என்பதால்தான் மண் அணைக்கும்போது எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இடச் சொல்கிறார்கள். மின்நிலையப் புகையிலிருந்து பிடிக்கும் ஜிப்சத்தை, உலோகக் கலப்பு இல்லை என்று சோதித்த பிறகு, வயலுக்குப் பயன்படுத்துவதும் உலகில் நடப்பில் உள்ளதே.

என் தங்கையைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தாமிர ஆலை என்றால் ஏன் கந்தகப் புகை வருகிறது?
– வாசகர், கண்டனூர்

தாமிரத்தின் முக்கியத் தாதுவே தாமிரம், இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த சேர்மம். அடர்த்தியாக்கிய தாதுவில் கந்தகம் ஏறத்தாழ 30 விழுக்காடு இருக்கும். நிலக்கரியில் நூற்றுக்கு அரைப் பங்கு என்று மேலே சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உருக்கும்போது அவ்வளவும் கந்தக டை ஆக்சைடாகிறது. அதைப் பிடித்து, வனேடியம் சேர்மத்தின் மேல் செலுத்தி மேலும் ஆக்சிஜன் ஏற்றி, கந்தக அமிலமாக்கி விற்பதே முறை. உலையை நிறுத்தித் தொடங்கும் வேளைகளிலும் கருவி பழுதாகும்போதும் இந்தப் பிடிப்பு தவறக்கூடும் என்பதால், சராசரி அளவு நன்றாக இருந்தும் ஓரிரு மணி நேரத்தில் ஊர் திணறிவிடலாம். 2013 மார்ச் 23 அன்று காலையில் தூத்துக்குடி மக்கள் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று முறையிட்டதும், அதன்பின் ஆலை மூடப்பட்டுத் திறக்கப்பட்டதும், 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்ததும், அந்த மாதமே அரசு ஆலையை நிரந்தரமாக மூட உத்தரவிட்டதும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலைத்தரப்பு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும் எல்லாரும் அறிந்தவை.

எந்த ஊரிலும் இப்படி நெடி வந்தால், காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். இந்த வாயு காற்றைவிட இருமடங்குக்கு மேல் கனமானது; பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டுப் பக்கம் போவது நல்லது. நனைத்த துணி கிடைத்தால் மூக்கை மூடிக்கொள்ளலாம். நீரில் கரையும் வாயு என்பதால் சிறிது நேரத்துக்கு ஓரளவு உதவும்.

கொப்பரைக்கும் உலர்திராட்சைக்கும் கந்தகப் புகை போடுகிறார்களாமே?
– வாசகி, கோட்டையூர்

போடுகிறார்கள். பூஞ்சை பிடிக்காமலும் நிறம் மங்காமலும் இருக்க அடைத்த அறையில் கந்தகத்தை எரித்துப் புகை பிடிக்க வைப்பது பழைய வழக்கம். வெள்ளைச் சர்க்கரை ஆலைகள் பலவற்றிலும் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்க இதே வாயுவைச் செலுத்துகிறார்கள். பொட்டலத்தில் 220 முதல் 228 வரையிலான எண் இருந்தால் கந்தகச் சேர்மம் சேர்த்திருக்கிறது என்று பொருள்; ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. எனக்குப் பெரும் கவலை தருவது உண்பவரைவிட, அந்த அறைக்குள் போய்ச் சரக்கைப் புரட்டும் தொழிலாளிதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்குக் காற்றின் பத்து லட்சம் பங்கில் இரண்டு பங்கையே இந்த வாயுவுக்கு அனுமதித்திருந்தது. கதவைத் திறந்து நன்றாகக் காற்றோடவிட்ட பிறகே யாரையும் உள்ளே அனுப்ப வேண்டும்.

பேருந்துப் புகையில் இந்த வாயு இப்போதும் வருகிறதா?
– வாசகர், திருமயம்

மிகக் குறைவு. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் டீசலில் பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்கு கந்தகமே இருக்கலாம். அதற்கு முன் 50 பங்கு இருந்தது. பேருந்துப் புகையில் இப்போது பார்க்க வேண்டியது நைட்ரஜன் ஆக்சைடும் கரித்துகளும்.

எங்கள் ஊர்க் காற்றில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஆசிரியர், கீழச்சிவல்பட்டி

இரண்டு முறைகள் உண்டு. காற்றைப் பாதரசச் சேர்மம் கலந்த கரைசலுக்குள் பல மணி நேரம் குமிழியிட வைத்து, அதில் சாயம் சேர்த்துத் தோன்றும் செவ்வூதா நிறத்தின் அடர்த்தியை அளப்பது பழைய முறை. வெஸ்ட், கேக் என்ற இருவர் பெயரால் வழங்குகிறது. புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, வாயு திரும்ப ஒளிர்வதை நொடிதோறும் அளப்பது புதிய முறை. பத்து நிமிட உச்சத்தைப் பிடிக்க இரண்டாவதுதான் உதவும். 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளும் விண்ணிலிருந்து இந்த வாயுவைப் பார்க்கிறது. அதன் படங்கள் எல்லாருக்கும் இலவசம். பெரிய மின்நிலையங்களும் உலைகளும் அதில் தெரியும், ஓர் ஊரின் தெரு தெரியாது. கடைகளில் விற்கும் மலிவான காற்றுமானிகள் பெரும்பாலும் துகளை மட்டுமே அளப்பவை. அவற்றின் எண்ணைக் கந்தக டை ஆக்சைடின் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பகுதிக்கு அருகில் அளவீடு நடந்திருக்கிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டத்துக்குரிய அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கேட்கும்போது கந்தக டை ஆக்சைடோடு நுண்துகளின் அளவையும், முடிந்தால் அதில் சல்பேட்டின் பங்கையும் சேர்த்துக் கேளுங்கள். ஆண்டுச் சராசரியோடு, மாத வாரியான எண்களையும் அளந்த முறையையும் கேட்டுப் பெறுங்கள். வாடைக்காற்று மாதங்களையும் மேல்காற்று மாதங்களையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால், எந்தத் திசையிலிருந்து எது வருகிறது என்பதை உங்கள் மாணவர்களே வரைபடம் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள். கிடைத்த எண்களை எங்களுக்கும் அனுப்புங்கள். இதே பகுதியில் வெளியிடுகிறோம்.